முலு காட்டில் மெலினாவ் ஆற்று மலையிடுக்கு நடை: போனவர்களும் போக நினைப்பவர்களும் எழுதுங்கள்

குலசேகரம்காரன்:

மக்களே, வணக்கம். சொந்த ஊர் குலசேகரம் பக்கம், மூன்று வருஷமாக மலேசியாவில், போர்னியோ தீவில் உள்ள சரவாக் மாநிலத்து மிரியில் வேலை. போன மாதம் நாலு நாள் சேர்ந்தாற்போல் லீவு கிடைத்தது, முலு தேசியப் பூங்காவுக்குப் போய் மெலினாவ் ஆற்று மலையிடுக்கு வழியாக ஐந்தாம் முகாம் வரை நடந்து, மறுநாள் ஊசிப்பாறைகள் (காட்டுக்கு மேலே நீட்டி நிற்கிற சுண்ணாம்புக் கல் ஊசிகள்) பார்க்க மலை ஏறி, அதற்கு அடுத்த நாள் திரும்பினேன். இங்கே கோதையாறு, கலிகேசம், உலக்கை அருவி என்று காடு சுற்றுகிறவர்கள் நிறைய இருப்பதால் விவரமாக எழுதுகிறேன்.

மிரியிலிருந்து சின்ன விமானத்தில் அரை மணி நேரம். அங்கிருந்து நீளமான ஒல்லிப் படகு. தண்ணீர் குறைவாக இருந்ததால் ஐந்தாறு இடத்தில் இறங்கித் தள்ள வேண்டியிருந்தது, முன்னால் ஒருவர் கழியோடு நின்று ஆழம் பார்த்துக்கொண்டே வந்தார். படகு விட்ட இடத்திலிருந்து ஐந்தாம் முகாமுக்கு 8.8 கிலோமீட்டர். பெரும்பாலும் சமதளம்தான், ஆனால் சமதளம் என்றதும் லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வேர், சேறு, வழுக்குப் பலகை, சின்னச் சின்ன ஓடை என்று மூன்றரை மணி நேரம் எடுத்தது.

குன்றுகள் முதலில் கண்ணுக்கே தெரியாது, காடு மறைத்துவிடும். பாதை ஆற்றங்கரைக்கு வரும் இடத்தில் தலையைத் தூக்கினால் எதிரே வெள்ளைச் சுவர் மாதிரி செங்குத்தாக நிற்கிறது. மழைநீர் வழிந்த கறுப்புக் கோடுகள், நடுவில் காவி நிறத் திட்டுகள், ஒரு பிடி மண்ணுகூட இல்லாத வெடிப்பில் மரம். ஒரு பக்கம் குனுங் அபி, மறுபக்கம் குனுங் பெனாராட், நடுவில் ஆறு. மலாய் மொழியில் குனுங் என்றால் மலை, அபி என்றால் தீ. பாதையோரம் கிடந்த ஒரு கல்லில் கை ஊன்றினேன், பனைமட்டைக் கருக்கு கிழித்த மாதிரி உள்ளங்கையில் மூன்று கோடு. நம்ம ஆற்றுப் பாறையில் ஊன்றுகிற பழக்கத்தில் ஊன்றிவிட்டேன். அங்கே கையுறை இல்லாமல் போகாதீர்கள்.

முக்கியமாகச் சொல்ல வந்தது முகாமில் முதல் ராத்திரி நடந்தது. எட்டு மணிக்கு முகாமின் முன்னால் ஆற்றில் இறங்கி முகம் கழுவினேன். முழங்கால் அளவு தண்ணீர், டார்ச் அடித்தால் அடியில் கூழாங்கல் ஒவ்வொன்றும் தெரிந்தது, மேலே நட்சத்திரம். முகாமில் ஒரு சொட்டு மழை இல்லை. பத்தரை மணிக்குப் படுத்திருக்கும்போது ஆற்றின் சத்தம் மாறியது. அதுவரை சலசலவென்று இருந்தது, அப்புறம் அடித்தொண்டையில் உறுமுகிற மாதிரி. எழுந்து போய்ப் பார்த்தால் நான் முகம் கழுவிய கல்லைக் காணவில்லை, பால் சேர்த்த டீ நிறத்தில் தண்ணீர், அதில் மரக்கிளை ஒன்று என்னைவிட வேகமாகப் போகிறது. எங்கள் வழிகாட்டி பெனான் இனத்தைச் சேர்ந்தவர், சாயங்காலமே எல்லார் பாத்திரத்தையும் கரையிலிருந்து மேலே எடுத்து வைக்கச் சொல்லியிருந்தார். நான் காரணம் கேட்டதற்கு ஆற்றில் மிதந்து வந்த இரண்டு பச்சை இலையைக் காட்டினார். பழுத்த இலை தானாக விழும், பச்சை இலை தானாக விழாது, மேலே எங்கோ காற்றும் மழையும் அடிக்கிறது என்று அர்த்தமாம்.

சுண்ணாம்புப் பாறைக்குள் தண்ணீர் தேங்கியிருந்து ராத்திரி வெளியே வந்திருக்கும் என்று நினைக்கிறேன். இதைப் பற்றித் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மலையோரம்:

அண்ணே, படிக்கும்போதே கால் ஊறுகிறது. நான் பேச்சிப்பாறைக்கு மேலே உள்ளவன். நீங்கள் சொன்ன பச்சை இலை விஷயம் எங்கள் பக்கத்திலும் உண்டு. குற்றியாறு, மோதிரமலை பக்கம் சப்பாத்து (ஆற்றின் குறுக்கே உள்ள தாழ்வான பாலம்) தாண்டிப் போகிறவர்கள் தண்ணீரின் உயரத்தைப் பார்ப்பதைவிட நிறத்தைத்தான் முதலில் பார்ப்பார்கள். தெளிந்த தண்ணீர் கலங்கத் தொடங்கினால் இந்தக் கரையிலேயே நின்றுவிடுவார்கள். எங்கள் மலைவாழ் மக்களான காணிக்காரர்களில் தாத்தா ஒருவர் மணத்தை வைத்துச் சொல்லுவார், புது மண் மணம் ஆற்றில் வந்தால் கால் வைக்காதே என்பார்.

கேள்வி: அட்டை எப்படி? காலில் என்ன போட்டீர்கள்?

குலசேகரம்காரன்:

அட்டை இரண்டு வகை. தரையில் ஊர்கிற பழுப்பு அட்டை நம்ம ஊர் மாதிரிதான், கடிப்பதே தெரியாது. இன்னொன்று புலி அட்டை, உடம்பில் மஞ்சள் கோடு இருக்கும், இடுப்பு உயரத்து இலை நுனியில் நின்று துழாவிக்கொண்டிருக்கும், அது கடித்தால் சுருக்கென்று தெரியும். முழங்கால் வரை வரும் துணி அட்டைக் காலுறை போட்டிருந்தேன், காலுக்கு அது போதும், ஆனால் புலி அட்டை கழுத்துக்கும் அக்குளுக்கும் வருகிறது. நம்ம ஊரில் புகையிலைத் தண்ணீர் நனைத்த துணி கட்டுவார்களே, இங்கே யாரும் அப்படிக் கட்டி நான் பார்த்ததில்லை.

செருப்பு விஷயத்தில் நான் பட்டதைச் சொல்லியாக வேண்டும். விலை கூடிய மலையேற்ற ஷூ ஒன்று வாங்கி இரண்டு வருஷம் பெட்டியில் வைத்திருந்தேன். நாலாவது கிலோமீட்டரில் வலது காலின் அடிப்பாகம் வாயைப் பிளந்தது, அரை மணி நேரத்தில் மொத்தமாகக் கழன்றுவிட்டது. ஈரக்காற்றில் சும்மா கிடந்தாலே அடியில் உள்ள நுரைப்பொருள் உதிர்ந்துபோகுமாம், பயன்படுத்தாத ஷூவுக்குத்தான் இது அதிகம் நடக்கிறதாம். கயிறு போட்டுக் கட்டி முகாம் வரை இழுத்தேன். அங்கே வழிகாட்டிகள், சுமை தூக்குகிறவர்கள் எல்லார் காலிலும் ஒரே கறுப்பு ரப்பர் ஷூ, அடியில் முள்முள்ளாகக் குமிழ். அடிடாஸ் கம்போங் என்று செல்லப்பெயர், கம்போங் என்றால் கிராமம். முழுக்க ரப்பர், ஒட்டுப்போட்ட இடமே கிடையாது, தண்ணீர் உள்ளே போனால் காலை உதறினால் போதும். ஒருவர் தன்னிடம் இருந்த உபரி ஜோடியைக் கொடுத்தார், ஊசிப்பாறை வரை அதில்தான் ஏறினேன். மிரிக்கு வந்ததும் முதல் வேலையாகப் பலசரக்குக் கடையில் அதே மாதிரி ஒரு ஜோடி வாங்கிவிட்டேன். ரப்பர் பால் வெட்டுகிற குடும்பத்தில் பிறந்தவன் நான், பால் ஷீட்டாகி லாரியில் ஏறுவது வரைதான் பார்த்திருக்கிறேன், அது காலைக் காப்பாற்றியதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

நாஞ்சில் டீச்சர்:

தம்பி, நன்றாக எழுதியிருக்கிறாய். நான் முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் புவியியல் சொல்லிக்கொடுத்தவள், அதனால் ஒரு திருத்தம். அன்றைக்கு ராத்திரி வந்த வெள்ளம் சுண்ணாம்புப் பாறைக்குள் தேங்கிய தண்ணீராக இருக்க வாய்ப்பு குறைவு. மெலினாவ் ஆறு பிறப்பது சுண்ணாம்பு மலையில் அல்ல. அதற்குக் கிழக்கே பின்னால் நிற்கிற குனுங் முலு, 2,376 மீட்டர், அது மணற்பாறையும் களிப்பாறையும் சேர்ந்தது. அங்கே மழை பெய்தால் தண்ணீர் மேல்வழியாகவே ஓடி, இந்த இடுக்குக்குள் நுழைந்துதான் வெளியேற வேண்டும். முகாமில் நட்சத்திரம் தெரிந்தாலும் மலை உச்சியில் அடைமழை பெய்திருக்கும். வழிகாட்டி பார்த்த பச்சை இலை அங்கிருந்து வந்ததுதான்.

சுண்ணாம்பு மலையின் கதையே வேறு. அதன் மேல் எவ்வளவு மழை பெய்தாலும் ஓடை அதிகம் இருக்காது, தண்ணீர் வெடிப்பு வழியாக உள்ளே இறங்கிவிடும். மழைத்தண்ணீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு லேசான அமிலமாகிறது, அந்த அமிலம் சுண்ணாம்புக் கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கிறது. வெடிப்பு குழாயாகும், குழாய் குகையாகும். அங்கே கிளியர்வாட்டர் என்ற குகைத்தொகுதியை மட்டும் 200 கிலோமீட்டருக்கும் மேல் அளந்திருக்கிறார்கள், அதற்குள் ஓடுகிற ஆறு வெளியே வந்து உன் மெலினாவில்தான் சேர்கிறது.

அந்தக் கல் கடலுக்கு அடியில் உண்டானது. பவளமும் சிப்பியும் கண்ணுக்குத் தெரியாத கடல் உயிர்களின் ஓடும் கோடிக்கணக்கான வருஷம் படிந்து ஒன்றரைக் கிலோமீட்டர் கனம் சேர்ந்து, பிறகு நிலம் மேலே எழும்பியபோது மலையாக நின்றுவிட்டது. உன் கையைக் கீறியது கடல் சிப்பியின் சொந்தக்காரன்.

நம்ம மலை அப்படி அல்ல. குமரி மாவட்டத்து மலைகள் பெரும்பாலும் சார்னகைட், கோண்டலைட், நைஸ் என்ற பாறைகள். பூமிக்கு அடியில் பெரிய சூட்டிலும் அழுத்தத்திலும் வெந்து உருமாறியவை, ஐம்பது கோடி வருஷத்துக்கும் மேலே வயசு. சார்னகைட் என்ற பெயர் கல்கத்தாவில் ஜாப் சார்னக் என்ற ஆங்கிலேயரின் கல்லறைக் கல்லிலிருந்து வந்தது, அந்தக் கல்லோ சென்னை பரங்கிமலைப் பக்கத்துக் கல். மழைத்தண்ணீர் அதை அவ்வளவு லேசில் கரைக்காது. உருட்டும், தேய்க்கும். அதனால்தான் கலிகேசத்தில் பாறை யானை முதுகு மாதிரி உருண்டையாகவும், மெலினாவில் கருக்கு மாதிரியும் இருக்கிறது. ஒன்று தேய்ந்தது, மற்றது கரைந்தது.

பனையடி:

டீச்சர் சொன்னதைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. என் அப்பா பனையேறி, இப்போது ஏறுவதில்லை. எங்கள் வீட்டில் சுண்ணாம்பு என்று சொல்ல மாட்டோம், நூறு என்போம். காயல் ஓரத்துக் கக்காவைச் சூளையில் நீற்றி எடுப்பார்கள். நீற்றிய கக்கா பார்க்க அப்படியே சிப்பியாகத்தான் இருக்கும், ஆனால் எடுத்தால் எடையே இருக்காது. அதன் மேல் தண்ணீர் தெளித்தால் சீறும், சட்டி சுடும், கண் முன்னாலேயே பூத்துப் பொடியாக உதிரும். அம்மா என்னைப் பக்கத்தில் விடமாட்டாள், கண்ணில் பட்டால் பார்வை போய்விடும் என்பாள், அது உண்மையும்கூட.

அந்த நூற்றைக் கலயத்துக்குள் தடவித்தான் பாளையில் கட்டுவார் அப்பா. தடவினால் அக்கானி (பதநீர்), தடவாவிட்டால் கள். இரண்டுக்கும் நடுவில் ஒரு விரல் நூறுதான் வித்தியாசம். கூடிப்போனால் அக்கானி கசந்து கருப்பட்டி சரியாக வராது, குறைந்துபோனால் புளித்துவிடும். அப்பா அளவெல்லாம் பார்த்ததில்லை, விரலால் ஒரு சுற்று, அவ்வளவுதான்.

மலை முழுக்க நூறு என்று நினைத்துப் பார்க்கிறேன். அப்பாவுக்கு அண்ணன் எழுதியதை வாசித்துக் காட்டினேன். அந்த ஆற்றுத் தண்ணீர் குடித்தால் எப்படி இருந்தது என்று கேட்கச் சொன்னார்.

குலசேகரம்காரன்:

மாமாவிடம் சொல்லு மக்கா: முகாமில் மழைத்தண்ணீரைக் கொதிக்கவைத்துத்தான் குடித்தோம். ஆனால் கிளியர்வாட்டர் குகை வாசலில் குளித்தபோது வாயில் கொஞ்சம் போனது, சப்பென்று, கொஞ்சம் கனமாக இருந்தது, சோப்பு போட்டால் நுரையே வரவில்லை. நம்ம கோதையாற்றுத் தண்ணீரில் நுரை போகவே போகாதே, அதற்கு நேர் எதிர்.

டீச்சர், திருத்தத்துக்கு நன்றி. வழிகாட்டி கிழக்குப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தது ஏன் என்று இப்போது விளங்குகிறது.

அருமனை வாசகன்:

எல்லாம் சரி. ஒரு விஷயம் மனசில் உறுத்துகிறது, சொல்லிவிடுகிறேன். நம்ம மாவட்டத்தில் பிறந்த பிள்ளைகள் போர்னியோவுக்குப் போய்க் காடு பார்க்கிறார்கள், மேல் கோதையாறும் முத்துக்குழிவயலும் பார்க்க அனுமதி கிடைப்பதில்லை. நான் சின்ன வயசில் அப்பா மின்வாரியத்தில் இருந்ததால் மேல் கோதையாற்றில் ஒரு வாரம் தங்கியிருக்கிறேன். சிங்கவால் குரங்கு கூட்டம் கூட்டமாக வரும், இருவாச்சி பறந்தால் ரயில் போகிற மாதிரிச் சிறகுச் சத்தம் கேட்கும். என் பிள்ளைகளுக்கு அதைக் காட்ட முடியவில்லை. அங்கே வெளிநாட்டுக்காரன்கூடப் பணம் கட்டினால் போகலாம், இங்கே உள்ளூர்க்காரனுக்குக் கேட் சாத்தியிருக்கிறது.

மலையோரம்:

அருமனை அண்ணே, வருத்தம் புரிகிறது. ஆனால் முலுவையும் கோதையாற்றையும் ஒரே தராசில் வைக்க முடியாது. மேல் கோதையாறு களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்தோடு ஒட்டிய காடு. யானை உண்டு. 2023 ஜூன் மாதம் அரிக்கொம்பன் என்ற காட்டு யானையைக் கொண்டுவந்து விட்டபோது அது மேல் கோதையாறு பக்கம் வந்ததும் எங்கள் ஊரில் ராத்திரி யாரும் வெளியே இறங்காமல் இருந்தோம். போர்னியோவில் சரவாக் பக்கத்துக் காட்டில் யானையும் கிடையாது, புலியும் கிடையாது. பாதையில் பத்துப் பேர் சத்தமில்லாமல் நடந்து போகலாம். இங்கே மூங்கில் புதர் திரும்பினால் என்ன நிற்கும் என்று எனக்கே தெரியாது, நான் அங்கேயே வளர்ந்தவன்.

தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கியது, 2018 மார்ச்சில் நடந்தது, அதையும் மறக்கக்கூடாது. 23 பேர் செத்துப்போனார்கள். காடு தெரிந்தவன் யார், தெரியாதவன் யார் என்று பார்க்காமல் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போனால் என்ன ஆகும் என்பதற்கு அதைவிட வேறு உதாரணம் வேண்டாம்.

குலசேகரம்காரன்:

இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. எனக்கு முலுவில் பிடித்தது காடு திறந்திருக்கிறது என்பது இல்லை, யார் கூட்டிக்கொண்டு போகிறார்கள் என்பதுதான். வழிகாட்டி இல்லாமல் ஊசிப்பாறைக்கு விடமாட்டார்கள். வழிகாட்டிகளும் படகோட்டிகளும் பெரும்பாலும் அந்தக் காட்டுக்காரர்களே, பெனான், பெரவான் மக்கள். ஒரு குழுவுக்கு இத்தனை பேர்தான், ஒரு நாளைக்கு இத்தனைதான் என்று கணக்கு. மேலே ஏறும்போது குறிப்பிட்ட இடத்தைக் குறிப்பிட்ட மணிக்குள் எட்டவில்லை என்றால் வழிகாட்டி திருப்பி அனுப்புவார், அங்கே அழுதாலும் நடக்காது. எங்கள் குழுவில் ஒருவரை அப்படி அனுப்பினார். அவர் ஐரோப்பாவிலிருந்து இதற்கென்றே வந்தவர், கோபப்பட்டார், வழிகாட்டி குரலை உயர்த்தவே இல்லை, மழை வந்தால் இறங்கும்போது கால் நிற்காது என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். அன்றைக்கு மதியம் மழை வந்தது. ஏறிய எங்களுக்கே இறங்க ஐந்து மணி நேரம் ஆயிற்று.

ஏறுவது 2.4 கிலோமீட்டர்தான். அதற்குள் 1,200 மீட்டர் உயரம். கடைசி 400 மீட்டர் ஏணியும் கயிறும், பதினைந்துக்கும் மேல் ஏணி. உச்சியில் நின்று பார்த்தால் காட்டுக்கு நடுவில் சாம்பல் நிறத்தில் கல் ஊசிகள், சில 45 மீட்டர் உயரம், மரத்துக்கு மேலே நீட்டிக்கொண்டு நிற்கின்றன. பத்து நிமிஷம் யாரும் பேசவில்லை.

நம்ம காணிக்காரர்களை விட்டால் நம்ம மலைக்கு வழிகாட்டி வேறு யார்?

நாஞ்சில் டீச்சர்:

அந்தத் திசையில் ஏற்கெனவே ஒரு அடி வைத்திருக்கிறார்கள். 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு மாநிலம் முழுக்க 40 மலைநடைப் பாதைகளை இணையப் பதிவோடு திறந்தது, மலைவாழ் இளைஞர்களுக்கும் காட்டோரத்து ஊர்ப் பிள்ளைகளுக்கும் பயிற்சி கொடுத்து அவர்களையே வழிகாட்டியாக வைத்திருக்கிறார்கள். நம்ம மாவட்டமும் பட்டியலில் உண்டு. காட்டுத்தீ காலத்தில் மூடிவிடுவார்கள். அருமனைத் தம்பி, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போ. முத்துக்குழிவயல் இல்லைதான், ஆனாலும் அதே மழைக்காடு, அதே ஆறு.

மழைக் கணக்கும் சொல்லிவிடுகிறேன். முலுவில் வருஷத்துக்கு 4,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை, மாதம் தவறாமல். நமக்கு இடவப்பாதியும் (தென்மேற்குப் பருவமழை) ஐப்பசி மழையும் என்று இரண்டு காலம். அதனால் நம்ம ஆறு ஆறு மாதம் சாது மாதிரி கிடக்கும். அதுதான் ஆபத்து. சாதுவாகப் பார்த்துப் பழகியவன் ஐப்பசியிலும் அதே ஆழமான கசத்தில் குதிப்பான்.

அருமனை வாசகன்:

சரி டீச்சர். பார்த்துப் பதிகிறேன். கோபத்தில் எழுதவில்லை, ஆசையில் எழுதினேன்.

தக்கலை வாசகி:

எனக்கு ஒன்பது வயசில் பெண்ணும் பன்னிரண்டு வயசில் பையனும். கோலாலம்பூரில் என் தம்பி இருக்கிறான், மே மாத லீவில் போகிறோம். முலுவுக்கும் போகலாம் என்று இதைப் படித்ததும் தோன்றுகிறது. பிள்ளைகளால் நடக்க முடியுமா?

குலசேகரம்காரன்:

அக்கா, ஊசிப்பாறை வேண்டாம். ஐந்தாம் முகாம்கூடப் பெண்ணுக்குக் கஷ்டம், அங்கே திறந்த கொட்டகையில் பாய் போட்டுப் படுக்க வேண்டும், சமையல் நாமே. ஆனால் மான் குகை என்று ஒன்று இருக்கிறது, மூன்று கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல், முழுக்கப் பலகை நடைபாதை, பிள்ளைகள் ஓடியே போய்விடுவார்கள். சாயங்காலம் வௌவால்கள் வெளியே வரும். லட்சக்கணக்கில், கறுப்பு நாடா வானத்தில் சுருண்டு சுருண்டு நீளுகிற மாதிரி. மழை பெய்தால் வராது, அதனால் இரண்டு சாயங்காலம் ஒதுக்குங்கள். எனக்கு முதல் நாள் வரவில்லை, கடைசி நாள் வந்தது.

சரவாக்குக்குள் நுழையும்போது கோலாலம்பூரிலிருந்து போனாலும் தனியாக முத்திரை போடுவார்கள், பாஸ்போர்ட்டைக் கைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். விசா விதி அவ்வப்போது மாறுகிறது, டிக்கெட் எடுப்பதற்கு முன் பாருங்கள். தங்குமிடமும் முன்கூட்டியே பதிய வேண்டும், இடம் குறைவு.

மார்த்தாண்டம் செவிலி:

ஆற்றிலும் குகையிலும் இறங்குகிற எல்லாருக்கும் ஒரு வார்த்தை. நான் ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறேன், மழைக்காலத்தில் எலிக்காய்ச்சல் எத்தனை பார்த்திருக்கிறேன் என்று எண்ணிச் சொல்ல முடியாது. ரப்பர் தோட்டத்து ஓடையில் கால் புண்ணோடு இறங்கினவர்கள், வயல் வேலைக்காரர்கள், வெள்ளத்தில் வீடு கழுவினவர்கள். போர்னியோவிலும் இதே கதை. 2000ஆம் ஆண்டு சபா மாநிலத்தில் ஒரு பெரிய சாகசப் போட்டி நடந்தது, செகாமா ஆற்றில் நீந்திய போட்டியாளர்கள் ஊர் திரும்பிய பிறகு கொத்துக் கொத்தாக எலிக்காய்ச்சலில் விழுந்தார்கள். எல்லாரும் நல்ல திடகாத்திரமான ஆட்கள்.

கிருமி எலி முதலான விலங்குகளின் சிறுநீரிலிருந்து தண்ணீருக்கு வருகிறது, நம்ம தோலில் உள்ள சின்னக் கீறல் வழியாகவோ கண், மூக்கு வழியாகவோ உள்ளே போகிறது. குலசேகரம் தம்பி உள்ளங்கையில் மூன்று கோடு என்று எழுதியிருக்கிறது, பிறகு அதே கையோடு ஆற்றில் முகம் கழுவியிருக்கிறது. இனிமேல் அப்படிச் செய்யாதே. புண்ணுக்குத் தண்ணீர் புகாத கட்டுப் போடு. திரும்பி வந்து ஒரு மாதத்துக்குள் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு என்று வந்தால், டாக்டரிடம் ஆற்றில் இறங்கினேன் என்று முதல் வாக்கியமாகச் சொல்லு. அதைச் சொல்லாமல் சாதாரணக் காய்ச்சல் மாத்திரையோடு வீட்டில் கிடந்தவர்கள் சிறுநீரகம் பழுதாகி வந்ததைப் பார்த்திருக்கிறேன். போவதற்கு முன்னாலேயே தடுப்பு மாத்திரை வேண்டுமா என்று டாக்டரைக் கேட்கலாம், நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். வௌவால் எச்சம் குவிந்த குகைக்குள் மூக்கை மூடிக்கொள்ளுங்கள், அந்தப் பொடியில் வளர்கிற பூஞ்சை நுரையீரலுக்கு ஆகாது.

குலசேகரம்காரன்:

அக்கா, இதை நான் யோசிக்கவே இல்லை. போய்வந்து இருபத்திரண்டு நாள் ஆகிறது, இதுவரை காய்ச்சல் இல்லை. ஒரு மாதம் முடிகிற வரை கவனமாக இருக்கிறேன். நன்றி.

பனையடி:

டீச்சர், உங்களுக்கு ஒரு செய்தி. நீங்கள் எழுதியதைப் படித்து என் தங்கச்சி ஒரு வேலை செய்தாள். நீற்றாத கக்கா ஒன்றைத் தட்டில் வைத்து எலுமிச்சம்பழம் பிழிந்தாள். உடனே ஒன்றும் தெரியவில்லை. குனிந்து பார்த்தால் சிப்பியின் முதுகில் பொடிப்பொடியாகக் குமிழி, காதை வைத்தால் மெல்லிசாக ஒரு சத்தம். காலையில் பார்த்தபோது பளபளப்பு போய்ச் சொரசொரப்பாக இருந்தது. அதே மாதிரி ஆற்றிலிருந்து எடுத்த கூழாங்கல்லுக்கும் பிழிந்தாள், அது அப்படியே இருக்கிறது. அப்பா இரண்டையும் கையில் எடுத்துத் தடவிப் பார்த்துவிட்டு, இந்தக் கக்காவைத்தான் அந்த மலையில் மழை பிழிகிறது என்றார்.

நாஞ்சில் டீச்சர்:

அப்பா ஒரே வரியில் சொல்லிவிட்டார். உன் தங்கச்சி எத்தனாம் வகுப்பு? நாகர்கோவில் வந்தால் என் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வா, தாழையூத்திலிருந்து எடுத்துவந்த சுண்ணாம்புக் கல் ஒன்று வைத்திருக்கிறேன், அதிலும் பிழிந்து பார்க்கட்டும்.

மலையோரம்:

அண்ணே, பங்குனியில் ஊருக்கு வருவதாக முன்பு எழுதியிருந்தீர்கள். வந்தால் தீக்காலம் முடிந்ததும் பதிவு போட்டுச் சேர்ந்து நடப்போம். அருமனை அண்ணனும் பிள்ளைகளோடு வரட்டும். எங்கள் ஊர்க் காணிப் பையன் ஒருவன் பயிற்சி முடித்திருக்கிறான், அவனிடம் கேட்கிறேன்.

குலசேகரம்காரன்:

வருகிறேன் மக்கா. பங்குனிக் கடைசியில் வந்து சித்திரை முழுக்க ஊரில்தான். வரும்போது அந்த ரப்பர் ஷூ நாலைந்து ஜோடி எடுத்துவரப் பார்க்கிறேன். கால் அளவு சொல்லு. பெட்டியில் இடம் இருக்கிறது, அப்பாவுக்கும் வேண்டுமானால் சொல்லு.

மலையோரம்:

எனக்கு ஒன்பது. அப்பாவுக்கு எட்டு. அவர் காலையில் பால் வெட்டப் போகும்போது போட்டுக்கொள்ளட்டும், தோட்டத்தில் மழைக்கு வழுக்குகிறது என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார்.